ஒரு நாட்டின் நிலையை வரலாற்றோடும் எண்களோடும் எழுதுவது எப்படி?

1876ஆம் ஆண்டு பம்பாயில் தாதாபாய் நௌரோஜி வாசித்த கட்டுரை, இந்தியாவின் வறுமையை ஒரே எண்ணில் அடக்கியது: பிரிட்டிஷ் இந்தியாவில் ஒருவருக்கு ஆண்டு வருமானம் 20 ரூபாய். கணிதப் பேராசிரியராக இருந்தவர் என்பதாலோ என்னவோ, அந்த எண்ணுக்கு வந்த வழியை அவர் மறைக்கவே இல்லை. அரசாங்கமே வெளியிட்ட மாகாண நிர்வாக அறிக்கைகளிலிருந்து சாகுபடிப் பரப்பு, விளைச்சல், விலை ஆகியவற்றை எடுத்து வேளாண் உற்பத்தியின் மதிப்பைக் கணக்கிட்டார். விதைக்கானதைக் கழித்துக் கிடைத்த 26 கோடிப் பவுண்டுடன் உப்பு, அபின், நிலக்கரி, வணிக லாபம், கைத்தொழில், பால், மீன், இறைச்சி ஆகியவற்றுக்கான தொகைகளைச் சேர்த்தார். விடுபட்டவை ஏதேனும் இருக்கலாம் என்று மேலும் 3 கோடிப் பவுண்டைத் தாமே கூட்டி, மொத்தத்தை 34 கோடிப் பவுண்டு என்று வைத்தார். மக்கள்தொகை 17 கோடி. எனவே ஆளுக்கு 2 பவுண்டு, அன்றைய மாற்று மதிப்பில் 20 ரூபாய்.

ஆனால் 20 ரூபாய் என்பது கூடுதலா, குறைவா? எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தால், அது அறிக்கைகளில் புதைந்த இன்னோர் எண்ணாகப் போயிருக்கும். நௌரோஜி அதன் பக்கத்தில் வேறொரு கணக்கைக் கொண்டுவந்து வைத்தார். சிறைக் கைதி ஒருவருக்கு உணவும் உடையும் தர அரசாங்கம் செலவிட்ட தொகை, பெரும்பாலான மாகாணங்களில் இந்த 20 ரூபாயைவிட நன்றாகவே கூடுதல். அந்தக் கணக்கும் அரசாங்கத்துடையதே. குற்றவாளிக்கு உயிர்வாழக் குறைந்தபட்சம் இவ்வளவு தேவை என்று ஒப்புக்கொண்ட அரசாங்கத்தால், குற்றமற்ற குடியானவனுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை என்ற முடிவை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

ஒரு நாட்டின் நிலையை எண்களால் எழுத முனைகிறவர் கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு செயலில் இருக்கிறது. எண்ணை அதன் பொருளைத் திறந்து காட்டும் இன்னோர் எண்ணின் அருகே வைக்க வேண்டும். இரண்டையும் எதிர்த்தரப்பும் மறுக்க முடியாத இடத்திலிருந்து எடுக்க வேண்டும். சந்தேகம் வரும் இடங்களில் நம் வாதத்துக்குப் பாதகமான பக்கமாகவே சாய்ந்து கணக்கிட வேண்டும். கட்டுரை, மேடைப்பேச்சு, ஆய்வேடு எதுவானாலும் இது பொருந்தும். இனி வருபவை இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டியவை.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

'நாட்டின் நிலை' என்பது அளக்கக்கூடிய பொருள் அன்று. மக்கள் எத்தனை ஆண்டு வாழ்கிறார்கள், என்ன உண்கிறார்கள், எத்தனை பேர் படித்திருக்கிறார்கள், அரசு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்று அதைப் பிரித்த பிறகே எண்ணைத் தேடத் தொடங்கலாம். பிரிக்காமல் தொடங்கினால், எது எளிதில் கிடைக்கிறதோ அதுவே நாட்டின் நிலையாக எழுதப்பட்டுவிடும். நௌரோஜியின் காலத்தில், இந்தியாவின் 'நெறிசார், பொருள்சார் முன்னேற்றம்' குறித்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் ஆண்டறிக்கை வைக்கப்பட்டு வந்தது. 1900 வாக்கில் இந்தியாவில் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் இரயில் பாதை இருந்தது என்பது உண்மை. 1896-97இலும் 1899-1900இலும் நாட்டின் பெரும்பகுதிகளைக் கொடும் பஞ்சம் தாக்கியது என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டதால், வாசகர் தவறான பதிலோடு எழுந்து போகிறார். ஆகவே கட்டுரையின் முதல் பத்தியிலேயே உங்கள் கேள்வியை வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது.

எண்ணை எடுக்கும் முன்: யார், யாரை, எந்த எல்லைக்குள் எண்ணினார்கள்?

வரலாற்றுப் புள்ளிவிவரங்களில் அதிகமாகக் கால் இடறுகிற இடம் இதுதான். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவின் மக்கள்தொகை சுமார் 35.3 கோடி, 1951இல் 36.1 கோடி. இந்த இரண்டையும் அருகருகே வைத்தால், இருபது ஆண்டுகளில் மக்கள்தொகை அசையவே இல்லை என்று தோன்றும். உண்மையில் 1931இன் 'இந்தியா'வில் பர்மாவும் பின்னர் பாகிஸ்தானாகப் பிரிந்த பகுதிகளும் அடங்கியிருந்தன. இன்றைய எல்லைக்குள் 1931இல் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 27.9 கோடிப் பேர். அதாவது, தேக்கம் என்று தெரிந்தது ஏறத்தாழ முப்பது விழுக்காட்டு வளர்ச்சி. நௌரோஜியின் 17 கோடியும் பிரிட்டிஷ் இந்தியாவை மட்டுமே குறிப்பது. சமஸ்தானங்கள் அதில் இல்லை. எல்லை மாறாத காலத்திலும் விடுபடல்கள் உண்டு: 1981 கணக்கெடுப்பு அசாமிலும், 1991 கணக்கெடுப்பு ஜம்மு காஷ்மீரிலும் நடக்கவில்லை.

எல்லைக்கு அடுத்தது வரையறை. 2011-12ஆம் ஆண்டில் இந்தியாவில் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், வறுமையை அளக்க அரசு அமைத்த குழுக்களில் ஒன்றான டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 21.9 விழுக்காடு, அதாவது சுமார் 27 கோடிப் பேர். அதன்பின் வந்த ரங்கராஜன் குழுவின் முறைப்படி 29.5 விழுக்காடு, சுமார் 36 கோடிப் பேர். இடையே இருக்கும் ஒன்பது கோடிப் பேர் ஒரு கோட்டை எங்கே போடுவது என்பதைப் பொறுத்து ஏழைகளாகவோ அல்லாதவர்களாகவோ ஆகிறார்கள். முதல் கோடு ஒருவரின் அன்றாடச் செலவைக் கிராமத்தில் 27 ரூபாய், நகரத்தில் 33 ரூபாய் என்று வைத்தது. இரண்டாவது 32, 47 என்று வைத்தது. விழுக்காட்டை எழுதும்போது இந்த ரூபாய்க் கணக்கையும் ஒரு வாக்கியத்தில் எழுதிவிட்டால், அந்தக் கோடு நியாயமானதுதானா என்பதை வாசகரே தம் வீட்டுச் செலவை வைத்து முடிவு செய்துகொள்வார். என் கருத்தில், வறுமை பற்றிய எந்தக் கட்டுரையும் கோட்டின் ரூபாய் மதிப்பைச் சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் சொல்லக் கூடாது.

மூன்றாவதாக, எண்ணுகிறவர்களைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். 1943 வங்கப் பஞ்சத்தை விசாரித்த ஆணையம் சுமார் 15 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர்கள் பலர் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். இந்த இடைவெளிக்கு ஒரு காரணம், கிராமங்களில் பிறப்பு இறப்புகளைப் பதியச் செய்ய வேண்டியவர்கள் சௌகிதார்கள் எனப்பட்ட காவலாளிகள் என்பது. பஞ்சத்தில் அவர்களிலும் பலர் இறந்தார்கள், பலர் ஊரைவிட்டுப் போனார்கள். சாவு மிகுந்த இடத்தில்தான் சாவைப் பதிய ஆளில்லாமல் போனது. போர், பஞ்சம், கொள்ளைநோய் ஆகிய காலங்களின் பதிவேடுகளைக் கையாளும்போது, எண் குறைவாக இருப்பதே நிலைமை மோசமாக இருந்ததன் அடையாளமாக இருக்கக்கூடும் என்பதை மனத்தில் கொண்டு, ஒற்றை எண்ணுக்குப் பதிலாகக் கீழ் மதிப்பீட்டையும் மேல் மதிப்பீட்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

சராசரியை அப்படியே நம்ப வேண்டாம்

நௌரோஜி தம் கட்டுரையின் தொடக்கத்திலேயே அரசாங்க அறிக்கைகளின் சராசரிகளைக் குறைகூறினார். மாவட்டங்களின் விலைகளை வெறுமனே கூட்டி, மாவட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துவிடுகிறார்கள். எந்த மாவட்டத்தில் எவ்வளவு விளைந்தது என்று பார்ப்பதில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. இதில் என்ன பிழை என்பது ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு மாவட்டத்தில் 1,000 மூட்டை நெல் விளைந்து மூட்டை 8 ரூபாய்க்கும், இன்னொரு மாவட்டத்தில் 1,00,000 மூட்டை விளைந்து மூட்டை 2 ரூபாய்க்கும் விற்றதாக வைத்துக்கொள்வோம். விலைகளை மட்டும் கூட்டி வகுத்தால் சராசரி 5 ரூபாய். விளைச்சலையும் சேர்த்துக் கணக்கிட்டால் 2 ரூபாய் 6 காசு. முதல் சராசரியைக் கொண்டு அந்த இரு மாவட்டங்களின் செல்வத்தை மதிப்பிடுகிறவர், இருப்பதைப்போல இரண்டரை மடங்கு செல்வத்தைக் கண்டுவிடுவார். மாநிலங்களின் எழுத்தறிவு விழுக்காடுகளைக் கூட்டி மாநிலங்களின் எண்ணிக்கையால் வகுத்து 'இந்தியச் சராசரி' சொல்கிற கட்டுரைகள் இன்றைக்கும் வருகின்றன. சிக்கிமும் உத்தரப் பிரதேசமும் அங்கே ஒரே எடை பெறுகின்றன.

சராசரி ஆயுள் இன்னொரு கண்ணி. 1940களில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள் என்பது சரியான செய்தி. அதிலிருந்து, அக்காலத்தில் முப்பது வயதைத் தாண்டியவர்கள் அரிது என்று எழுதுவது தவறு. பிறந்த முதல் சில ஆண்டுகளில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கைதான் அந்தச் சராசரியைக் கீழே இழுத்தது. ஐந்து வயதைக் கடந்துவிட்டவர் அதைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக வாழ்வார் என்று எதிர்பார்க்க இடமிருந்தது. ஆகவே சராசரி ஆயுளை எழுதினால் சிசு மரண விகிதத்தையும் உடன் எழுதுங்கள். பிறப்பு இறப்புகளை மாதிரி எடுத்துக் கணக்கிடும் அரசின் மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி 1971இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன, 2020இல் 28. அதே 2020இல் கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, மத்தியப் பிரதேசத்தில் 43. இந்தியாவின் நிலையை 28 என்ற எண்ணைவிட, ஒரே நாட்டுக்குள் 6க்கும் 43க்கும் இடையே இருக்கிற தூரமே நேர்மையாகச் சொல்கிறது என்று நினைக்கிறேன்.

வேகம் வேறு, இருக்கும் இடம் வேறு

2021 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 20.1 விழுக்காடு வளர்ந்ததாக அறிவிப்பு வந்தபோது, அது பெருமிதத்தோடு பகிரப்பட்டது. எண்ணில் பிழையில்லை. ஆனால் அதே அறிக்கையின் ரூபாய்க் கணக்கைப் பாருங்கள்: 2019இன் அதே காலாண்டில் 35.66 லட்சம் கோடி ரூபாய். பொதுமுடக்கம் நிலவிய 2020இல் 26.95 லட்சம் கோடி, 2021இல் 32.38 லட்சம் கோடி. இருபது விழுக்காடு வளர்ந்த பிறகும் பொருளாதாரம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்த இடத்தைவிட ஒன்பது விழுக்காடு கீழேதான் நின்றது. நூறிலிருந்து இருபத்து நான்கு குறைந்தால், மீண்டும் நூறை எட்ட முப்பத்திரண்டு விழுக்காடு வளர வேண்டும். பள்ளத்திலிருந்து அளந்தால் எந்த மேடும் உயரமாகவே தெரியும்.

பணவீக்கத்தில் இதே குழப்பம் மறுபுறமாக வருகிறது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்த இலங்கையில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படியான பணவீக்கம் அந்த ஆண்டு செப்டம்பரில் 69.8 விழுக்காட்டைத் தொட்டது. 2023 செப்டம்பரில் அது 1.3 விழுக்காடு. 'பணவீக்கம் 70இலிருந்து 1க்கு இறங்கியது' என்று படித்தவர் விலைகள் இறங்கிவிட்டன என்று நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. 2021 செப்டம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய பொருள்கள் 2022இல் ஏறத்தாழ 170 ரூபாய், 2023இல் 172 ரூபாய். விலை ஏறும் வேகம்தான் நின்றது. ஏறிய விலை ஏறியபடியே இருந்தது. சம்பளம் எழுபது விழுக்காடு உயராத குடும்பத்துக்கு 1.3 என்ற எண்ணில் எந்த ஆறுதலும் இல்லை. எனவே மாற்ற விகிதத்தை எழுதும் ஒவ்வோர் இடத்திலும் அடிப்படை மட்டத்தையும் எழுதும் பழக்கம் வேண்டும்.

அடிப்படை ஆண்டைத் தேர்ந்தெடுப்பதும் இதோடு சேர்ந்ததே. இன்றைய எல்லைக்குள் இந்தியாவின் மக்கள்தொகை 1911இல் 25.2 கோடியாக இருந்து 1921இல் 25.1 கோடியாகக் குறைந்தது. 1918இன் இன்ஃபுளுவென்சா அதற்கு முதன்மைக் காரணம். 1921இலிருந்து தொடங்கும் வரைபடத்தில் ஏறுமுகம் மட்டுமே தெரியும். தொடக்க ஆண்டை ஐந்தோ பத்தோ ஆண்டு முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். அப்போதும் உங்கள் வாதம் நிற்கிறதென்றால் மட்டும் அதை எழுதுங்கள்.

காரணத்தைச் சொல்ல வரலாறு வேண்டும்

எண்கள் என்ன நடந்தது என்று சொல்லும். ஏன் என்பதைத் தாமாகச் சொல்லா. வங்கப் பஞ்சத்துக்கே திரும்புவோம். உணவு இல்லாததால் மக்கள் இறந்தார்கள் என்பது எல்லாருக்கும் முதலில் தோன்றும் விளக்கம். பொருளியலாளர் அமர்த்திய சென் 1981இல் முன்வைத்த கணக்கின்படி, 1943இல் வங்கத்தில் இருந்த உணவு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிடச் சுமார் ஐந்து விழுக்காடுதான் குறைவு. பஞ்சம் இல்லாத 1941ஐவிட அது கூடுதல். போர்க்காலச் செலவு, விலையேற்றம், பதுக்கல் ஆகியவற்றால் அரிசி விலை பாய்ந்தபோது, அதற்கு ஈடாகக் கூலி உயராத விவசாயத் தொழிலாளர்களும் மீனவர்களும் கைவினைஞர்களும் வாங்கும் சக்தியை இழந்தார்கள் என்பது அவர் வாதம். அவரது உற்பத்திக் கணக்கை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் முடிந்துவிடவில்லை. ஆனால் அவர் கையாண்ட சோதனை எவருக்கும் பயன்படும்: நீங்கள் சொல்லும் காரணம் அதே அளவில் இருந்தும் விளைவு ஏற்படாத ஆண்டோ இடமோ உண்டா என்று தேடுங்கள். இருந்தால், காரணத்தை மீண்டும் யோசிக்க வேண்டும்.

காலத்துக்குக் காலம் ஒப்பிட்டு முன்னேற்றம் என்று முடிவு கட்டுவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். தலா வருமானம் 1882இன் அரசாங்க மதிப்பீட்டில் 27 ரூபாய். 1901இல் வைஸ்ராய் கர்சன் 30 ரூபாய் என்றார். இது வளர்ச்சியா? இரண்டு மதிப்பீடுகளும் ஊகங்கள் நிறைந்தவை. இடையே விலைவாசியும் ஏறியிருந்தது. அதே காலத்துக்கு, பிரிட்டிஷ் ஆட்சியை விமர்சித்த ஆங்கில எழுத்தாளர் வில்லியம் டிக்பி போட்ட கணக்கு 20 ரூபாய்க்கும் கீழே நின்றது. கணக்கிடும் முறை மாறினால் வருகிற வேறுபாடு, இருபது ஆண்டுகளில் வந்ததாகச் சொல்லப்படும் வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கும்போது, அங்கே வளர்ச்சி என்றும் வீழ்ச்சி என்றும் அறுதியிடாமல் இருப்பதே முறை.

எழுதும்போது

ஒரு வாக்கியத்தில் ஓர் ஒப்பீட்டுக்கு மேல் வைக்க வேண்டாம். 2011இன் இந்திய மக்கள்தொகையை 121,08,54,977 என்று எழுதுவதில் துல்லியத்தைவிடத் தோற்றமே அதிகம். 121 கோடி போதும். மில்லியனையும் லட்சத்தையும் ஒரே கட்டுரையில் கலக்காதீர்கள். எண் தானே பேசும் இடத்தில் 'அதிர்ச்சியூட்டும்', 'வரலாறு காணாத' போன்ற அடைமொழிகளை வெட்டிவிடுங்கள். பெரும்பாலும் அவை எண்ணின் பலவீனத்தை மறைக்கவே வந்திருக்கும்.

மேலே சொன்னவற்றை எல்லாம் சேர்த்து, எழுத்தறிவு பற்றி ஒரு பத்தி எழுதினால் ஏறத்தாழ இப்படி வரும்:

"1951இல், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியர்களில் நூற்றுக்கு 18 பேருக்கே எழுதப் படிக்கத் தெரியும். 2011இல், ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 73 பேருக்குத் தெரியும். எனினும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் எண்ணிக்கை 1991இல்கூடச் சுமார் 33 கோடி. அது முதன்முறையாகக் குறையத் தொடங்கியது அதற்கு அடுத்த பத்தாண்டில்தான். 2011இலும் அத்தகையோர் 27 கோடிக்கும் மேல் இருந்தார்கள். கேரளத்தில் நூற்றுக்கு 94 பேர் எழுத்தறிவு பெற்றிருந்த அந்த ஆண்டில், பீகார்ப் பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஒரு மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது."

இந்தப் பத்தி அரசைப் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. வயது வரையறை மாறியிருப்பதை மறைக்காமல் சொல்கிறது. விழுக்காட்டையும் தலைகளையும் சேர்த்துத் தருகிறது. நாட்டுக்குள் இருக்கும் இடைவெளியைக் காட்டுகிறது. புகழவோ பழிக்கவோ விரும்புகிறவர் இதற்குப் பிறகு தம் கருத்தை எழுதலாம். ஆனால் இரண்டையும் தனித்தனிப் பத்திகளாக வைக்க வேண்டும்.

கடைசியாக, ஒவ்வோர் எண்ணுக்கும் அது வெளியான மாதத்தை உங்கள் குறிப்பேட்டிலாவது எழுதி வையுங்கள். 2020-21இல் இந்தியப் பொருளாதாரம் சுருங்கிய அளவு 2021 மே மாதத்தில் 7.3 விழுக்காடு என்றும், பின்னர் 6.6 என்றும், அதன்பின் 5.8 என்றும் திருத்தப்பட்டது. மூன்றும் அரசாங்க எண்களே, மூன்றும் இன்னும் கட்டுரைகளில் உலவுகின்றன. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை. ஆகவே புதிய கணக்கெடுப்பின் முடிவுகள் வரும்வரை, 2011க்குப் பிந்தைய இந்திய மக்கள்தொகையையோ அதனால் வகுத்துப் பெற்ற எந்தத் தலா கணக்கையோ குறிப்பிடும் ஒவ்வோர் இடத்திலும் 'மதிப்பீடு' என்ற சொல்லைச் சேர்த்தே எழுத வேண்டும்.